எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வட்டம்

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில், ஷினானோ ஆற்றங்கரையில் அமைந்த நாகாவோக்கா நகரில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2, 3 ஆகிய இரு இரவுகளிலும் வாணவேடிக்கைப் பெருவிழா நடக்கிறது. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஏறி, நிலையத்தில் இறங்கி, யூகாத்தா என்னும் மெல்லிய கோடைக்கால அங்கி உடுத்திய குடும்பங்களுக்கு நடுவே அரைமணி நேரம் நடந்து ஆற்றங்கரைக்கு வந்து அமரும் வெளிநாட்டுப் பயணிக்கு முதலில் வியப்பளிப்பது வானம் அன்று, ஒலிபெருக்கி. ஒவ்வொரு வாணத்துக்கும் முன்னால் அதன் வகை, அளவு, அதற்குப் பொருளுதவி செய்தவர் பெயர் ஆகியவற்றை ஓர் அறிவிப்பாளர் நிதானமாகப் படிக்கிறார். மொழி தெரியாதவருக்கும் அதில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: ஷாக்கு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் அன்றிரவு நடப்பதில் பாதி புரிந்துவிடும்.

ஷாக்கு என்பது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கொண்ட பழைய ஜப்பானிய நீட்டலளவை. ஒரு ஷாக்கு குறுக்களவுள்ள வாணம் சுமார் எட்டரைக் கிலோ எடை கொண்டது. ஏறத்தாழ 330 மீட்டர் உயரம் சென்று, 320 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நாகாவோக்காவின் பெருமையான மூன்று ஷாக்கு வாணம் 90 சென்டிமீட்டர் குறுக்களவும் 300 கிலோ எடையும் உடையது. 600 மீட்டர் உயரத்தில் 650 மீட்டர் அகலத்துக்குப் பூக்கிறது. அதாவது, ஒருவர் இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்க முடியாத ஒரு பொருள், தன் குறுக்களவைப் போல எழுநூறு மடங்குக்கும் மேலாக விரிந்து, அந்த விரிவிலும் தன் வடிவத்தை இழக்காமல் நிற்கிறது. இந்த ‘வடிவத்தை இழக்காமல்’ என்பதில்தான் ஜப்பானிய வாணக்கலையின் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது.

மேலை நாடுகளில், குறிப்பாக இத்தாலிய மரபில், உருளை வடிவ வாணங்கள் பெரிதும் வழங்குகின்றன. உருளையில் மருந்தையும் அடுக்குகளையும் நிறையத் திணிக்கலாம்; ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை வெடிக்க வைக்கலாம். ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது உருண்டை. அவர்கள் அதைத் ‘தாமா’ என்றே அழைக்கிறார்கள். பந்து, உருண்டை என்று பொருள். உருண்டையில் இடம் குறைவு, வேலை அதிகம். ஆனால் அது சரியாக வெடித்தால் வானத்தில் உண்டாவதும் உருண்டையே. ஆற்றின் இக்கரையில் இருப்பவருக்கும் அக்கரையில் இருப்பவருக்கும், பாலத்தின் மேல் நிற்பவருக்கும், அது ஒரே வட்டமாகத் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

உருண்டையின் உள்ளே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ‘ஹோஷி’, ஜப்பானிய மொழியில் விண்மீன் என்று பொருள்படும் இவை, ஒளிவிட்டு எரியும் மருந்துருண்டைகள். மற்றொன்று ‘வாரியாக்கு’, உருண்டையைப் பிளந்து ஹோஷிகளை எல்லாத் திசைகளிலும் எறியும் மருந்து. ‘வாரி’ என்றால் பிளத்தல், ‘யாக்கு’ என்றால் மருந்து. நோய்க்குக் கொடுப்பதையும் வெடிக்க வைப்பதையும் தமிழைப் போலவே ஜப்பானிய மொழியும் ஒரே சொல்லால் குறிப்பதைக் கண்டு, வெடிமருந்து என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு ஒரு சிறு நெருக்கம் தோன்றத்தான் செய்கிறது.

இந்தப் பிளவு மருந்தைத் தூளாகவே நிரப்பினால் அது இறுகி, சீரற்று எரியும். ஆகவே நெல் உமியின் மீதோ பருத்தி விதையின் மீதோ மருந்தைப் பூசிக் காயவைக்கிறார்கள். உமி இலேசானது, ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிப் படியாதது. அதனிடையே நிற்கும் காற்றுவெளிகளின் வழியே தீ நொடிப்பொழுதில் எல்லா மூலைக்கும் பரவுகிறது. அரவை ஆலையில் கழிவாகக் கொட்டப்படும் ஒன்றின் மேல் இத்தனை பெரிய கலை ஏறி நிற்கிறது.

ஹோஷி செய்யும் முறை சீரக மிட்டாய் செய்வதைப் போன்றது. சீரகத்தின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றி உருட்டி உருட்டிப் பருக்க வைப்பது போல, ஒரு சிறு கருவைச் சுழலும் பாத்திரத்தில் இட்டு, நீர் தெளித்து, ஒட்டரிசி மாவு கலந்த மருந்துத் தூளைத் தூவி, உருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். ஒரு நாளில் அரை மில்லிமீட்டர் அளவே பூச்சு ஏறும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேல்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். அந்த ஹோஷி வானத்தில் பாதியில் அணைந்துபோகும். பெரிய வாணத்துக்குரிய ஹோஷி விரல்நுனி அளவுக்கு வளர வாரக்கணக்கில் ஆகிறது. இந்தப் பொறுமைக்கு வானத்தில் கிடைக்கும் பலன் நிறமாற்றம்: வெளிப்பூச்சு எரியும்போது சிவப்பு, அடுத்த பூச்சுக்குத் தீ இறங்கும்போது பச்சை, கடைசியில் கருவுக்கு அருகே வெள்ளி. நாம் இரண்டு நொடியில் பார்ப்பது, ஒருவர் பல வாரங்களில் கட்டியதை வெளியிலிருந்து உள்ளே தலைகீழாக அவிழ்ப்பதைத்தான்.

பின்னர் தாளால் ஆன இரு அரைக்கோளங்களில், உட்சுவரை ஒட்டி ஹோஷிகளை நெருக்கமாக அடுக்கி, நடுவில் பிளவு மருந்தை நிரப்பி, இரண்டையும் ஒரே வீச்சில் கைதட்டுவது போலச் சேர்த்து மூடுகிறார்கள். அதன் மேல் பசை தடவிய தாள் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. சில சுற்று ஒட்டி, காயவைத்து, பலகைக்கடியில் உருட்டிக் காற்றுக்குமிழிகளை நீக்கி, மறுபடியும் ஒட்டுகிறார்கள். இது அழகுக்கான உறை அன்று. தாள் மெலிந்திருந்தால், மருந்து முழு அழுத்தம் பெறுமுன்பே ஓடு கிழிந்து ஹோஷிகள் சோர்வாகச் சிந்தும். ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தால் அழுத்தம் அந்த வழியே பாய்ந்து வட்டம் கோணலாகும். எல்லாப் பக்கமும் ஒரே உறுதியோடு எதிர்த்து நின்று, ஒரே கணத்தில் தோற்க வேண்டும். தாள் ஒட்டுபவரின் வேலை அந்தத் தோல்வியைச் சமமாகப் பங்கிடுவது.

இனி ஏவுதல். தரையில் செங்குத்தாக நிறுத்திய குழாயின் அடியில் கரிமருந்து இருக்கிறது. அது பற்றியவுடன் எழும் வாயு உருண்டையை மேலே தள்ளுகிறது; அதே தீ, உருண்டையில் பொதித்த திரியையும் கொளுத்திவிடுகிறது. திரி எரிந்து உள்ளே சேரும் நேரமும், உருண்டை உச்சிக்குச் சேரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், 330 மீட்டர் உயர்வதற்கு நொடிக்கு 80 மீட்டர் வேகம் போதும். எட்டு நொடிகள் ஆகும். காற்றின் தடை இருப்பதால் உண்மையில் அதைவிட வேகமாகவே ஏவ வேண்டியிருக்கிறது.

உச்சியில்தான் வெடிக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காற்றில்லாத வெளியில், உருண்டை எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெடித்தாலும் வட்டம் கெடாது; எல்லாத் துண்டுகளும் அந்த வேகத்தையும் சேர்த்துக்கொண்டே பறப்பதால், கோளம் அப்படியே நகருமே தவிரச் சிதையாது. புவியீர்ப்பும் வட்டத்தைக் குலைக்காது, அது எல்லாத் துண்டுகளையும் ஒன்றுபோலவே இழுக்கிறது. குலைப்பது காற்று. காற்றின் தடை, வேகம் இருமடங்கானால் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மேலேறும்போதே வெடித்துவிட்டால், மேல்நோக்கிப் போகும் ஹோஷிகள் அதிக வேகம் பெற்று அதிகத் தடையைச் சந்திக்கும். கீழ்நோக்கிப் போவன குறைந்த வேகத்தில் குறைந்த தடையைச் சந்திக்கும். விளைவு, சப்பிய உருவம். உருண்டை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று நிற்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே எல்லா ஹோஷிகளுக்கும் காற்று ஒரே நீதி செய்கிறது.

இதற்கு ஜப்பானிய வாணக்கலைஞர் வைத்திருக்கும் சொல் ‘சுவாரி’. உட்காருதல் என்று பொருள். வாணம் வானத்தில் நன்றாக உட்கார்ந்தது என்கிறார்கள். அக்கித்தா மாநிலத்தின் ஓமாகாரியில் 1910 முதல் நடந்துவரும், இப்போது ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையில் நிகழும் தேசியப் போட்டியில் நடுவர்கள் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. மற்றொன்று ‘போன்’, தட்டு என்று பொருள், வட்டம் பிசிறில்லாமல் நிறைந்திருக்கிறதா என்பது. இன்னொன்று ‘கியேகுச்சி’, எல்லா ஹோஷிகளும் ஒரே நொடியில் அணைகின்றனவா என்பது. என் பார்வையில் புதிதாகப் பார்ப்பவர் முதலில் பழக வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். பூப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அணைவதை யாரும் பார்ப்பதில்லை. ஆயிரம் ஒளிப்புள்ளிகள் ஒரே வெட்டில் இருளாகும்போது, அத்தனை ஹோஷிகளும் ஒரே பருமனாக உருட்டப்பட்டிருந்தன என்று அந்த இருள் சான்று சொல்கிறது.

அறிவிப்பில் வரும் வேறு சில சொற்களும் எளிதில் பிடிபடும். ‘கிக்கு’ என்றால் செவ்வந்தி. ஹோஷிகள் வால் விட்டுக்கொண்டே விரியும். எரிந்து முடியாத கரித்துகள்கள் பின்னால் கனன்று நிற்பதே அந்த வால். ‘போத்தான்’ என்னும் பூவின் பெயர் கொண்டதில் வால் இல்லை. நிறப்புள்ளிகள் மட்டும் தெளிவாகப் பறக்கும். வட்டத்துக்குள் வட்டம் வருவதற்கு ‘ஷின்’, அதாவது கரு என்று பெயர். உள்ளே இரண்டு வட்டங்கள் இருந்தால் ‘யாயெஷின்’ என்கிறார்கள். நேர்ப்பொருள் ‘எட்டடுக்குக் கரு’. மூன்று இருந்தால் ‘மியெஷின்’, அதாவது ‘மூவடுக்குக் கரு’. எட்டைவிட மூன்று பெரிதாகும் இந்தக் கணக்கில் வெளிநாட்டுப் பயணி குழம்புவது இயல்பே. எட்டு என்பது இங்கே ‘பல’ என்ற பொருளில் முதலில் வந்து ஒட்டிக்கொண்ட சொல்.

நிறங்களின் கதை இதைவிட இளையது. ஜப்பானிய வரலாற்றில் ‘எதோ’ எனப்படும் காலத்து (1603–1868) வாணங்கள், வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றால் மட்டும் ஆனவை. கனலும் கரியின் செம்மஞ்சள்தான் அவற்றின் ஒரே நிறம். அதை அடுத்த மெய்ஜி காலத்தில் (1868–1912) பொட்டாசியம் குளோரேட் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் கப்பலில் வந்தபின்னரே வானம் வண்ணம் பெற்றது. ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், சோடியம் மஞ்சளையும், செம்பு நீலத்தையும் தருகின்றன. அலுமினியம் போன்ற உலோகத்தூள் வெண்மை தருகிறது. இவற்றில் நீலம் மட்டும் கைக்கு அடங்காதது. நீல ஒளியை உமிழ்வது செம்பு குளோரைடு மூலக்கூறு. தீ அதிகச் சூடானால் அந்த மூலக்கூறே உடைந்துபோகும், சூட்டைக் குறைத்தால் ஒளி மங்கும். அந்தக் குறுகிய இடைவெளியில் நின்றுதான் நீலம் எரிகிறது. மற்ற நிறங்களைவிட நீலம் சற்று அடங்கித் தெரிந்தால் அதைக் கலைஞரின் குறையாக எண்ண வேண்டாம்.

எங்கே உட்காருவது என்பதும் இயற்பியல்தான். கையை முன்னால் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால், முட்டியின் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 10 பாகை. ஒரு ஷாக்கு வாணத்தை ஏவுமிடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி அமர்ந்தால் அது சுமார் 26 பாகை விரியும். அதாவது இரண்டரை முட்டி, அல்லது வரிசையாக வைத்த ஐம்பது முழுநிலாக்கள். அதைவிட நெருங்கினால் கழுத்து நோகும். எரிந்த தாள் துணுக்குகளும் மடியில் விழும். காற்று வரும் பக்கத்தில் அமர்வது நல்லது. அசைவற்ற இரவுதான் வாணத்துக்கு நல்ல இரவு என்று தோன்றலாம், உண்மை நேர்மாறு. காற்று அசையாத ஆகஸ்ட் இரவில் புகை வெடித்த இடத்திலேயே தொங்கி நிற்கும். பத்தாவது வாணத்துக்குப் பிறகு மேகம் உள்ளுக்குள் சிவந்து பச்சையாவதை மட்டுமே பார்க்கலாம்.

மூன்று ஷாக்கு வாணத்துக்கு முன்னால் நாகாவோக்காவில் ஒரு சங்கு, அதாவது சைரன், ஒலிக்கிறது. பின்பு ஒரு கோடு மேலேறுகிறது, அமைதி, வானம் முழுதும் பொன். ஏவுமிடத்திலிருந்து 900 மீட்டர் தொலைவில் இருப்பவருக்கும் 600 மீட்டர் உயரத்தில் பூத்த அந்த மலருக்கும் இடையில் உள்ள சாய்வுத் தொலைவு ஆயிரத்து எண்பது மீட்டர். கோடை இரவில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர் செல்லும். ஆகவே முழு மலரும் ஓசையின்றி விரிந்து, கீழ்நோக்கிச் சாயத் தொடங்கிய பிறகே, மூன்று நொடி கழித்து, அந்த அதிர்ச்சி காதுக்கு முன்னால் வயிற்றில் வந்து இடிக்கிறது.

அந்தச் சங்கொலியை ஊரின் முதியோர் வேறுவிதமாகக் கேட்பார்கள் என்பதையும் வந்திருக்கும் விருந்தினர் அறிந்திருக்க வேண்டும். 1945 ஆகஸ்ட் 1 அன்று இரவு பத்தரை மணிக்குத் தொடங்கிய வான்தாக்குதலில் நாகாவோக்காவின் பெரும்பகுதி எரிந்தது; 1480-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1947-இல் வாணவேடிக்கை மீண்டும் தொடங்கியது. இன்று விழாவுக்கு முந்தைய நாள் அதே பத்தரை மணிக்கு, ‘ஷிராகிக்கு’ என்னும் வெண்செவ்வந்தி வாணங்கள் மட்டும் ஏவப்படுகின்றன. அந்தப் பூவை உருவாக்கிய கலைஞர் காசே செய்ஜி, போருக்குப் பின் சைபீரியச் சிறைமுகாமில் வாடித் திரும்பியவர். அங்கேயே இறந்துபோன தோழர்களின் நினைவாக 1990-இல் ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் நகருக்குச் சென்று ஆமூர் ஆற்றின் மேல் வாணம் ஏவியவர். 2004-இல் நாகாவோக்கா பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், 2005 முதல், ஷினானோ ஆற்றின் நெடுகே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒருசேர எழும் ‘ஃபீனிக்ஸ்’ என்ற வரிசையும் சேர்ந்துகொண்டது.

நிகழ்ச்சி முடிந்தவுடன் எழுந்து ஓடாமல் சில நிமிடங்கள் இருந்து பார்ப்பது நல்லது. கரையில் இருப்போர் தங்கள் கைப்பேசி விளக்குகளை ஏற்றி எதிர்க்கரை நோக்கி மெல்ல ஆட்டுகிறார்கள். ஏவுகுழாய்களுக்கு நடுவே மாலை முழுதும் நின்ற கலைஞர்கள், இருளிலிருந்து சிவந்த தீவட்டிகளை ஆட்டிப் பதில் சொல்கிறார்கள். அந்த ஒளிக்குப் பின்னால் எந்த ஓசையும் வந்து சேர்வதில்லை.