ஹேங்கரில் தொங்கவிடக் கூடாத கவுன்

1930-களில் பாரிஸில் தைத்த மாலை விருந்து கவுன் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இடுப்பு வளைவு தெரியாது, உடம்பு வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் இருக்காது, பலவற்றில் ஜிப்கூடக் கிடையாது. வழவழவென்று கையில் நழுவும் ஒரு பட்டுத்துணி, அவ்வளவுதான். அதையே ஒரு பெண் தலைவழியாக மாட்டிக்கொண்டால் தோளிலிருந்து தொடை வரை உடம்போடு படிந்து, முழங்காலுக்குக் கீழே விரிந்து விழுகிறது. இழுத்தால் நீளும் லைக்ரா வந்ததே 1958-இல்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அவ்வளவாக நீளாத பட்டு நூலைக்கொண்டு நீண்டு கொடுக்கிற உடுப்பை எப்படித் தைத்தார்கள்?

கிராஸ் கட்டில் தைத்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். துணியின் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், நேராக இறங்காமல் 45 டிகிரி சாய்ந்து வரும்படி வைத்து வெட்டுவது. நம் தையற்காரர்கள் மார்புப் பகுதி அழகாக உட்கார வேண்டுமென்று இப்படி வெட்டுவார்கள். மதலேன் வியோனே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் முழு உடுப்பையுமே இப்படி வெட்டத் துணிந்தார்.

வீட்டில் ஒரு பருத்திக் கைக்குட்டை இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். நூல் ஓடும் திசையிலேயே 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பென்சிலால் வரையுங்கள். கைக்குட்டையின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். சதுரம் அசையாது. இனி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். சதுரம் சாய்சதுரமாகி நீள்கிறது. நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்த சட்டத்தை மூலையில் பிடித்து இழுத்தால் என்ன ஆகுமோ, அதேதான். குச்சி நீளாது, மூலையின் கோணம் மாறும். துணியில் பாவும், குறுக்கே ஓடும் ஊடையும்தான் குச்சிகள்.

கணக்கைப் பாருங்கள். அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் 14.1 சென்டிமீட்டர். பாவுக்கும் ஊடைக்கும் இடையிலுள்ள 90 டிகிரி கோணம் 60 டிகிரிக்குச் சாய்ந்தால், நீள்கிற மூலைவிட்டம் 17.3 சென்டிமீட்டர் ஆகும். குறுக்கே உள்ளது 10-க்குச் சுருங்கும். அதாவது 22 சதவீதத்துக்கு மேல் நீளமும், 29 சதவீதம் ஒடுக்கமும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இந்தச் சுருக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கவுனின் கீழ்ப்பாதி தன் எடையால் மேல்பாதியை இழுக்க, மேல்பாதி குறுகி இடுப்பைச் சுற்றிப் படிகிறது. டார்ட் செய்ய வேண்டிய வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்துவிடுகிறது.

நீண்ட துணி பழைய அளவுக்குத் திரும்பவும் வேண்டுமே! அதற்குக் கிரேப் பட்டு உதவியது. கிரேப்புக்கான நூலை மீட்டருக்கு 2000 முறைக்கு மேல் முறுக்குவார்கள். பட்டின் இயற்கையான பசை அந்த முறுக்கை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நெய்த பிறகு சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கரைந்து போகும். அப்போது நூல் முறுக்கவிழப் பார்க்கும், பக்கத்து நூல்கள் விடாது. அந்த இழுபறியில் துணி முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். ஒவ்வொரு சுருக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள்வில்.

வியோனே பிறந்தது 1876-இல். பாரிஸில் 1912-இல் கடை திறந்தார், 1939-இல் மூடினார். காகிதத்தில் வரைவதைவிடச் சின்ன மரப்பொம்மை ஒன்றின் மேல் துணியைப் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் வடிவம் கண்டார். சாய்த்து வெட்டினால் துணி நிறையச் செலவாகும், நடுவே ஒட்டுப் போடவும் கூடாது என்பதால் வழக்கத்தைவிட அகலமான துணியை நெய்து வரவழைத்தார். போலிகளைத் தடுக்க லேபிளில் கையெழுத்தோடு தன் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் தேடுவது அதைத்தான்.

சரி, இந்தக் கதை தென்னாப்பிரிக்காவில் உள்ள எங்கள் டர்பனுக்கு எப்படி வருகிறது? பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் நடன விருந்தான மெட்ரிக் டான்ஸ் காலம் நெருங்கினால் பழைய பாணி சாட்டின் கவுன் தேடி அலையும் பெண்பிள்ளைகள் இங்கே உண்டு. பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் அந்தக் காலத்துக் கவுன்கள் எப்போதாவது தலைகாட்டும். அப்படி ஒன்றை ஒரு கடையில் பார்த்தேன். லேபிள் இல்லை, ஆனால் கைத்தையல் அருமை. கம்பி ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் கேமராவைத் தோள்பட்டைக்கு அருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பருகே ஓரளவு சதுரமாக இருந்த நூற்கட்டங்கள் தோளில் ஒல்லியான சாய்சதுரங்களாகியிருந்தன. கீழ்விளிம்பு ஒரு பக்கம் நான்கு விரல் இறங்கியிருந்தது. நல்ல உடுப்பு ஒன்று மெல்ல மெல்லச் சாவதைப் பார்ப்பது போல இருந்தது.

உடம்பில் இருக்கும்போது சில மணி நேரம் உழைக்கிற அதே எடை, ஹேங்கரில் இரவும் பகலும் இழுக்கிறது. அதோடு டர்பன் காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தாலே 100 கிராம் பட்டு ஏறக்குறைய 11 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் கோடையில் அந்த 65-ஐக் காற்று சாதாரணமாகத் தாண்டும். நீர் மூலக்கூறுகள் பட்டுப் புரதச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவற்றை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி நகர்கின்றன. நகர்ந்தது நகர்ந்ததுதான், எடையை எடுத்தாலும் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது.

எல்லா இடமும் ஒரே அளவில் நீளாது என்பது இன்னொரு தொல்லை. வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடங்களில் நூல் நேராக இறங்கும், சில இடங்களில் சாய்ந்து இறங்கும். சாய்ந்த இடங்கள் மட்டும் தொய்யும். டர்பன் கார்மென்ட் ஆலைகளில் வேலை பார்த்த எங்கள் அம்மா, அத்தைமார் தலைமுறைக்கு இது புதிதல்ல. தைத்த பாவாடையை ஓர் இரவாவது தொங்கவிட்டு, தொய்வதெல்லாம் தொய்ந்த பிறகுதான் விளிம்பை மடிப்பார்கள். புதுத் துணிக்கு அது சரியான வழி. தொண்ணூறு வயதான கவுனில் கோணிய விளிம்பைக் கத்தரித்துச் சமப்படுத்தவே கூடாது. வெட்டிய துணி திரும்ப வராது, உடுப்பின் மதிப்பும் அதோடு போய்விடும்.

சில கவுன்களுக்கு வேறு நோயும் உண்டு. பசை போன பட்டு எடை குறையும். அதை ஈடுகட்டவும் துணி கனமாக விழவும் வெள்ளீய உப்புகளை ஏற்றுகிற பழக்கம் அப்போது இருந்தது. அந்த உப்புகள் நாளடைவில் பட்டை நொறுங்கச் செய்யும். துணி நீளவாக்கில் கோடுகோடாகக் கிழிந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து கிடையாது. 1930-களின் சமிக்கிகள் பல ஜெலட்டினில் செய்தவை. வெந்நீரோ நீராவியோ பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஸ்டீம் அயர்ன் பக்கத்திலேயே வரக்கூடாது.

அப்படியானால் எப்படி வைப்பது? படுக்கவைக்க வேண்டும். அகலமான பெட்டியில், அமிலமற்ற டிஷ்யூத் தாள் விரித்து, அது கிடைக்காவிட்டால் நன்றாகத் துவைத்து அலசிய சாயமில்லாத பருத்தித் துணி விரித்து. மடித்தே ஆக வேண்டிய இடத்தில் தாளைச் சுருட்டி உள்ளே வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். அந்துருண்டை துணியிலோ சமிக்கியிலோ படக்கூடாது. காஞ்சிப் பட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைப்போமே, அதை இதற்கும் செய்யுங்கள். மழை இல்லாத, காற்று உலர்ந்த குளிர்காலப் பகல் அதற்கு ஏற்றது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தாங்கி எடுங்கள்.