அறுபதுக்கு மேல் பென்ஷன், பதினெட்டுக்குள் உதவித்தொகை, நடுவில் இருப்பவருக்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அறுபது வயதைத் தாண்டிய பலர் அரசாங்கப் பென்ஷனுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள்: "வீடு என் பேரில் இருக்கிறது", "மகன் நல்ல வேலையில் இருக்கிறான்". இரண்டுமே தடையில்லை. குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் சம்பளத்தையும் பார்ப்பதில்லை. விண்ணப்பிப்பவருடைய வருமானமும் மற்ற சொத்தும், கல்யாணமானவரென்றால் துணையினுடையவையும், இவற்றை மட்டுமே பார்க்கிறார்கள்.

சட்டத்தில் இதற்கு முதியோர் உதவித்தொகை என்று பெயர். ஊரில் எல்லோரும் பென்ஷன் என்றுதான் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் ஆகியோர் நாட்டில் வசித்துக்கொண்டு 60 வயதை எட்டியிருந்தால் கேட்கலாம். 2025இல் மாதத் தொகை 2,300 ரேண்டுக்குச் சற்று மேல் இருந்தது. 75 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 20 ரேண்டு. அதை வைத்து என்ன வாங்கலாம் என்பது வேறு கேள்வி. வருமான வரம்பு 2024இல் தனியாளுக்கு மாதம் 8,990 ரேண்டாக இருந்தது, சொத்து வரம்பு ஏறத்தாழ 15 லட்சம் ரேண்டு. தம்பதியருக்கு இரண்டும் இரு மடங்கு. ஆண்டுதோறும் இவை மாறும். வரம்புக்குள் இருக்கும் எல்லோருக்கும் முழுத் தொகை கிடைப்பதில்லை. வேறு வருமானம் கூடக் கூடத் தொகை படிப்படியாகக் குறையும். ஆலையில் வேலை பார்த்துச் சிறிய கம்பெனிப் பென்ஷன் வாங்கும் தாத்தா, "எனக்குத்தான் ஒன்று வருகிறதே" என்று ஒதுங்கத் தேவையில்லை.

முக்கியமான ஒன்று: விண்ணப்பித்த நாளிலிருந்துதான் பணம் கணக்கிடப்படும். அறுபதாம் பிறந்த நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடம் தயங்கிவிட்டுப் போனால் அந்த இரண்டு வருடப் பணம் போனதுதான்.

உதவித்தொகைகளை வழங்கும் அரசு அமைப்பான சாசாவின் அலுவலகத்துக்குப் போகும்போது பதின்மூன்று இலக்க அடையாள அட்டை, முகவரிச் சான்று, கல்யாண நிலைக்கான சான்று, மூன்று மாத வங்கி அறிக்கை, வேறு பென்ஷன் இருந்தால் அதற்கான தாள் ஆகியவை வேண்டும். கணவனோ மனைவியோ கடந்த ஐந்து வருடத்துக்குள் இறந்திருந்தால் உயிலின் நகலையும் சொத்துப் பிரிப்புக் கணக்கையும் கேட்பார்கள். இதுதான் பலரைத் திருப்பி அனுப்பும் தாள். முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணம். அந்த நிலையை மறைக்காமல் போலீஸ் நிலையத்தில் சத்தியப் பிரமாணமாக எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. அடையாள அட்டையே இல்லாதவர்களும் பிரமாணப் பத்திரம் கொடுத்து விண்ணப்பிக்க வழி உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அவர் அரசாங்கத்து ஆள் இல்லை.

நடமாட முடியாத ஆயா அலுவலகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. அவருடைய கடிதத்தையும் மருத்துவரின் சான்றையும் எடுத்துக்கொண்டு மகளோ பேரனோ போகலாம். விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு எதிராக முறையிட 90 நாட்கள் அவகாசம் உண்டு.

பலர் அறியாத ஒரு துணை உதவியும் இருக்கிறது. பென்ஷன் வாங்குபவர் படுத்த படுக்கையாகி, குளிக்கவும் சாப்பிடவும் இன்னொருவர் முழுநேரமும் வேண்டும் என்ற நிலை வந்தால், மருத்துவ அறிக்கையுடன் பராமரிப்புக்கான கூடுதல் தொகையைக் கேட்கலாம். 2025இல் அது 560 ரேண்டு. ஓர் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள அது போதாது. ஆனால் வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் கையில் அந்த 560 ரேண்டுக்கு மதிப்பு உண்டு.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் பணத்தை எடுக்காமல் விட்டால் நின்றுபோகும். உறவினரைப் பார்க்க, கோயில்களுக்குப் போக என்று இந்தியாவில் நீண்ட நாள் தங்கினாலும் பிரச்சினை வரும். ஈமக்காப்பீட்டுக்காகப் பென்ஷனிலிருந்து பிடிக்கச் சட்டம் அனுமதிப்பது ஒரே ஒரு பிடித்தம், அதுவும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது. கடன் கொடுத்தவர் அட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். தெருவில் எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

குழந்தைகளுக்கான உதவித்தொகை 1998இல் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் 100 ரேண்டாகத் தொடங்கியது. இன்று 18 வயது வரை கிடைக்கிறது, 2025இல் தொகை 560 ரேண்டாக இருந்தது. பெற்றோர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. குழந்தையை உண்மையில் வளர்ப்பவர் பாட்டியாக இருந்தால் பாட்டியே கேட்கலாம். வருமான வரம்பு, தனியாளுக்கு உதவித்தொகையைப் போல் பத்து மடங்கு.

இந்த உரிமைகள் எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1928இன் முதியோர் பென்ஷன் சட்டம் வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே பென்ஷன் கொடுத்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்து ஓய்ந்த நம் மூத்தவர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் அதில் இடமில்லை. 1944இல் கதவு திறந்தபோதும் இனத்துக்கு ஒரு விகிதம் வைத்தார்கள். தொகை எல்லோருக்கும் சமமானது 1993இல்தான். ஆண்களுக்கான வயது 65இலிருந்து 60க்கு இறங்கியது 2008 முதல் 2010 வரை, படிப்படியாக. இப்போதைய அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை உரிமை என்றே சொல்கிறது. அதனால் இதைத் தர்மம் என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை.

இனி வேலையில் இருப்பவர்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு முதலாளியிடம் வேலை செய்தால், உங்கள் சம்பளத்தில் ஒரு சதவீதமும் முதலாளியின் பங்காக ஒரு சதவீதமும் வேலையில்லாக் காப்பீட்டு நிதிக்கு, அதாவது யூ.ஐ.எஃப்.க்குப் போக வேண்டும். நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் என்று வரவு சேரும், அதிகபட்சம் 365 நாள். வேலை போனால் முதல் 238 நாட்களுக்கு, சம்பளத்தைப் பொறுத்து 38 முதல் 60 சதவீதம். மிச்ச நாட்களுக்கு 20 சதவீதம். நீங்களாக ராஜினாமா செய்தால் வேலையில்லாப் படி கிடையாது. ஆகவே கோபத்தில் கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். வேலையை விட்டு வரும்போது யூ.ஐ.19 படிவத்தை முதலாளியிடம் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கடையே பூட்டியிருக்கலாம்.

வீட்டு வேலை செய்பவர்கள் 2003இல் இந்த நிதிக்குள் வந்தார்கள். வேலையில் நேரும் விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டமோ அவர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. பிரிட்டோரியாவில் 2012இல் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து மூழ்கிய ஒரு பணிப்பெண்ணின் மகள் தொடுத்த மஹ்லாங்கு வழக்கில், 2020 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 வரை பின்னோக்கிச் செல்லும் என்றும் சொன்னது. உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்கிறார் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கும் பொருந்தும். அவரைப் பதிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

இப்போது ஓட்டையைப் பார்ப்போம். சந்தையில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் விற்கும் 45 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை இல்லை, ஊனம் இல்லை, அறுபதும் ஆகவில்லை. முதலாளி இல்லாததால் யூ.ஐ.எஃப். இல்லை. சீக்கு வந்து ஒரு மாதம் கடை போடாவிட்டால் அந்த மாதம் வருமானம் பூஜ்யம். நாடு முழுவதும் ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் நிரந்தர உதவித்தொகைகளில் இருக்கிறார்கள், ஆப்பிரிக்கக் கண்டத்தில் இது பெரிய சாதனை. அப்படியிருந்தும் 18க்கும் 60க்கும் நடுவில் இருக்கும் இவரைப் போன்றவர்களுக்கு 2020 வரை எதுவுமே இல்லை.

இது இந்த நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952இல் தனது 102ஆம் உடன்படிக்கையில் மருத்துவம், நோய், வேலையின்மை, முதுமை, விபத்து என்று ஒன்பது வகைப் பாதுகாப்பை வகுத்தது. அந்த ஏற்பாட்டின் அடித்தளம் மாதச் சம்பளமும் முதலாளியும். உலகில் வேலை செய்பவர்களில் பத்தில் ஆறு பேர் முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களிடம் எந்தச் சம்பளத் தாளிலிருந்து சந்தா பிடிப்பது? இதை உணர்ந்துதான் 2012இல் அந்த அமைப்பு 202ஆம் பரிந்துரையைக் கொண்டுவந்தது: சந்தா கட்டியவரோ இல்லையோ, எல்லோருக்கும் ஓர் அடிப்படைத் தளம் வேண்டும் என்பது அதன் சாரம். 2023இல் உலக மக்கள்தொகையில் 52.4 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பாவது கிடைத்தது, பாதியைத் தாண்டியது அதுவே முதல் முறை. மீதம் 380 கோடிப் பேர். ஏழை நாடுகளில் பாதுகாப்புப் பெற்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

தென்னாப்பிரிக்கா தன் ஓட்டையைக் கொரோனா காலத்தில்தான் தற்காலிகமாக அடைத்தது. 2020 மே மாதம் வந்த எஸ்.ஆர்.டி. (சமூகத் துயர் தணிப்பு) என்னும் மாதம் 350 ரேண்டு உதவி, 2024 ஏப்ரலில் 370 ஆனது. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாத வருமானம் 624 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். அந்த 624 என்பது 2021இன் உணவு வறுமைக் கோடு. விலைவாசி ஏறியும் வரம்பு அங்கேயே நின்றது. ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கில் வந்த பணத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கேப்டவுனில் இருக்கும் அண்ணன் மருந்துக்காக 700 ரேண்டு அனுப்பினால் அதுவும் வருமானமாகிவிடும், அந்த மாதம் மறுப்பு. ஏழை என்று நிரூபிக்க ஒருவரை மாதாமாதம் பரீட்சை எழுத வைப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே மக்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஏறக்குறைய இதையே சட்ட மொழியில் சொன்னது. இணையத்தில் மட்டுமே விண்ணப்பம் என்ற விதியும், எந்தப் பணம் வந்தாலும் வருமானம் என்று எண்ணுவதும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. எது எப்படியானாலும், மறுப்பு வந்தால் முறையிடலாம்: அதற்கும் 90 நாள்தான் கெடு, மறுக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக முறையிட வேண்டும். பிப்ரவரிக்கு முறையிட்டுவிட்டு, மார்ச்சும் அதில் அடங்கும் என்று இருந்துவிடாதீர்கள்.