சினை என்ற சொல் இருக்க முட்டை எதற்கு?

"துடுப்பு மீனின் முட்டையை வைத்திருந்தால் அமெரிக்காவில் அபராதம்." இந்த மாதிரி வரியை மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் ஆவணப்படங்களின் தமிழ்க் குரலிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மீனின் பெயர் (ஆங்கிலத்தில் 'பேடில்ஃபிஷ்') சின்னத் தவறு, முட்டை பெரிய தவறு. எழுத உட்கார்ந்தது பெரியதற்காக.

ஆங்கிலத்தில் 'ரோ' என்பது பெண் மீனின் வயிற்றுக்குள் திரண்டிருக்கும் முட்டைத் தொகுதி. பழைய ஜெர்மானியச் சொல், ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரோகன்' என்கிறார்கள். 'கேவியர்' வேறு வழியில் வந்தது. பாரசீகத்தில் முட்டையைக் குறித்த சொல்லில் தொடங்கி, துருக்கி, இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அது உப்பிட்டுப் பதப்படுத்திய பண்டத்தின் பெயர். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

'ரோ'வுக்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம். மீன் கடைக்குப் போனால் போதும். அரிவாள்மனையில் மீனை வைத்து வயிற்றைக் கீறியதும், மஞ்சளாக நீளமாக ஒரு பை வெளியே சரியும். வெட்டுகிற அம்மா தலை நிமிராமலே கேட்பார்: "சினை இருக்கு, தனியா போடவா?" சினை நண்டு என்று கேட்டு வாங்குகிறோம், மாடு சினையாக இருக்கிறது என்கிறோம். இலக்கண வகுப்பிலும் அதே சொல்தான்: மரம் முதல், கிளை சினை. ஒரு முழுமையின் உறுப்பு சினை. உடம்போடு ஒட்டியிருக்கும்வரை மீனின் முட்டைத் திரளும் அப்படித்தானே?

வீட்டில் 'மீன் முட்டை வறுவல்' என்று சொல்கிறவர்கள் உண்டு, அது தப்பில்லை. அடுப்படிக்கு அது போதும். சட்டத்தைப் பற்றி எழுதும்போது போதாது. அமெரிக்காவின் மிசௌரி மாநில விதியையே எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த மீனைப் பிடிக்கலாம், சினையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வீட்டில் சினையை எடுத்துச் சமைக்கலாம். ஆனால் உடம்பிலிருந்து பிரித்தெடுத்த சினையை ஆற்றிலோ ஏரியிலோ கரையிலோ வைத்திருக்கக் கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. வாங்குவது, விற்பது இரண்டும் குற்றம். விதி முழுவதும் தொங்குவது 'உள்ளே இருக்கிறதா, வெளியே எடுத்ததா' என்ற வேறுபாட்டில். அதை 'முட்டை வைத்திருக்கக் கூடாது' என்று எழுதினால், வயிற்றில் சினையோடு மீனைத் தூக்கிப்போகிற நல்ல மனிதரும் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

விதி ஏன் அப்படி அமைந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்த மீன் தூண்டில் இரையைக் கடிக்காது. வாயை அகலத் திறந்தபடி நீந்தி நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டித் தின்கிற மீன் அது. அதனால் வசந்த காலத்தில் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வரும்போது, கனத்த ஈயக்குண்டு கட்டிய மும்முனைக் கொக்கியை வீசி, வெட்டி வெட்டி இழுப்பார்கள். கொக்கி எங்கே குத்துகிறதோ அங்கே பிடி. (இதையும் 'தூண்டில் போடுதல்' என்றே எழுதுகிறார்கள். இரையே இல்லாதபோது அது என்ன தூண்டில்?) மேலே வந்த மீன் ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்வது எளிதல்ல. கேவியருக்காகச் சினையைத் திருடுகிறவர்கள் கரையிலேயே வயிற்றைக் கிழிப்பார்கள். சினை இருந்தால் வழித்துக்கொண்டு உடலை எறிவார்கள், இல்லாவிட்டால் அப்படியே எறிவார்கள். கரையில் பிரித்த சினை இருக்கக் கூடாது என்ற விதி நேராக அந்தக் கையைப் பிடிக்கிறது.

பெரிய பெண் மீன் ஒன்றில் 20 பவுண்டு வரை சினை இருக்கும். அந்தப் பெண் மீன் முதன்முறை சினைப்பிடிக்கவே எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். அப்புறமும் ஆண்டுதோறும் சினைப்பிடிக்காது, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். கேவியருக்குப் பேர்போன காஸ்பியன் கடலின் ஸ்டர்ஜன் மீன்கள் அருகிப்போனபின் கேவியர் வியாபாரத்தின் கண் இதன்மேல் விழுந்தது. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுகள். 1992-லேயே இதை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2013 மார்ச்சில் மிசௌரியின் வார்சா ஊரை மையமாக வைத்து, கள்ளச் சினை வியாபாரத்தைப் பற்றி மாறுவேடத்தில் நடத்திய விசாரணை வெளிவந்தபோது, சிக்கியவர்கள் 100 பேருக்கு மேல். அந்தச் செய்தியை எழுதும்போது 'முட்டைத் திருட்டு' என்றால் கோழிப்பண்ணைதான் கண்ணில் வருகிறது. 'சினைத் திருட்டு' என்றால் வயிறு கிழிந்த மீன் கண்ணில் வரும்.

முட்டையைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொரு மொழிபெயர்ப்பு: 'கருமுட்டை'. மருத்துவச் செய்திகளிலிருந்து எடுத்து மீனுக்கு ஒட்டியிருக்கிறார்கள். கருமுட்டை தானம் என்றால் ஒற்றை உயிரணு, மருத்துவமனை, சிகிச்சை எல்லாம் நினைவுக்கு வரும். மீனின் வயிற்றிலிருக்கும் பைகள் நினைவுக்கு வருமா? அதோடு கேவியர் கறுப்பாக இருப்பதால், கருவிழி, கருங்கல் போலக் கறுப்பு முட்டை என்றே பாதிப் பேர் படிப்பார்கள். இப்படிப் படிக்கிறவர்மேல் பிழை இல்லை, எழுதியவர்மேல்தான் பிழை. அறிவியலாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சந்தையில் புழங்கும் சொல்லைத் தள்ளிவைக்கிற பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. 'சினை' கொச்சையாம்! மாடு வைத்திருக்கிறவரும் மீன் விற்கிறவரும் சொல்வதால் ஒரு சொல் கொச்சையாகிவிடுமா?

நான் தூய தமிழ்க் கட்சியும் இல்லை. பையைப் பிரித்து, சல்லடையில் மெதுவாகத் தேய்த்துச் சவ்வை நீக்கி, உதிர்ந்த மணிகளைக் கழுவி உப்பிட்டபின் அதைக் கேவியர் என்றே சொல்லலாம். அதற்கு 'உப்பூறு மீன்கருச்செறிவு' என்றெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டாம். உள்ளே இருப்பது சினை, வெளியே வந்தது எடுத்த சினை, உப்பிட்டது கேவியர். மொன்டானா மாநிலத்தின் கிளெண்டைவ் ஊரில் நடப்பதை இந்தச் சொற்களால் சிக்கலில்லாமல் சொல்லிவிடலாம்: யெல்லோஸ்டோன் ஆற்றில் மீன் பிடித்தவர் சினையைத் தானமாகக் கொடுத்தால் மீனை இலவசமாகச் சுத்தம் செய்து தருவார்கள். அந்தச் சினையைக் கேவியராக்கி விற்ற பணம் மீன்வள ஆய்வுக்கும் ஊர்ப் பணிகளுக்கும் போகும். தனியாள் விற்றால் குற்றம், சட்டம் அனுமதித்த அமைப்பு விற்றால் நிதி. இதையே 'முட்டை தானம்' என்று எழுதிப் பாருங்கள், எங்கே போய் நிற்கிறது என்று.

இனி மீனின் பெயர். நம் பாடநூல்களில் மீனின் உறுப்பான செட்டைக்கே துடுப்பு என்றுதான் பெயர்: முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு. துடுப்பு இல்லாத மீன் அரிது. அப்படியிருக்க, 'துடுப்பு மீன்' எதைச் சுட்டுகிறது? இந்த மீனின் அடையாளம் முகத்தில் நீண்டிருக்கும் தட்டையான மூக்கு. லத்தீன் இனப்பெயரான 'ஸ்பாத்துலா'வும் அந்தத் தட்டையைத்தான் சொல்கிறது. மிசௌரிக்காரர்கள் பேச்சில் கரண்டிவாய் என்கிறார்கள். அதை அப்படியே எடுக்கலாமென்றால், வேடந்தாங்கலுக்கு வரும் பறவைக்குக் கரண்டிவாயன் என்று பெயர் வைத்துவிட்டோம். எனவே துடுப்புமூக்கன். 'மூக்கு' சேர்ந்தால்தான் இன்னொரு விதியும் புரியும்: மிசௌரியில் மீனின் நீளத்தைக் கண்ணிலிருந்து வால் கவை வரை அளக்கிறார்கள். மூக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது ஒடிந்துபோயிருக்கலாம்.

கேவியருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெறும் 'கேவியர்' என்றால் ஸ்டர்ஜனுடையது. மற்ற மீனென்றால் பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழிலும் அப்படியே எழுதலாம்: துடுப்புமூக்கன் கேவியர்.