அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலின்: எந்த வகைகள், எதில் கவனம்

உலக சுகாதார நிறுவனம் 1977-ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது. ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பில் எப்போதும், தரமாக, மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டிய மருந்து என்பதே இதற்குப் பொருள். ஆனால் அந்தப் பட்டியல் சட்டம் இல்லை. அதை மாதிரியாக வைத்து ஒவ்வொரு நாடும் தன் பட்டியலைத் தயாரித்துக்கொள்கிறது. அதனால் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது உங்கள் நாட்டுப் பட்டியலைத்தான்.

நெடுங்காலமாகப் பட்டியலில் இருப்பவை இரண்டு மனித இன்சுலின்கள், அதாவது நம் உடலில் சுரப்பதைப் போலவே தயாரிக்கப்படுபவை. தெளிவாக இருக்கும் ரெகுலரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். கலங்கலான என்பிஎச் அரை நாளுக்கு மேல் வேலை செய்யும். நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின், டெடிமிர், டெக்லுடெக் ஆகியவையும் அவற்றின் பயோசிமிலர்களும் (அவற்றுக்கு இணையாக வேறு கம்பெனிகள் தயாரிப்பவை) 2021-ல் சேர்ந்தன. இவற்றில் ராத்திரியில் சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்து குறைவு. அதற்காகப் பழைய இன்சுலின் மட்டம் என்று நினைக்க வேண்டாம். டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பலருக்கு அதுவே போதும்.

உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. வேறு தயாரிப்பாளர்களும் தரத்தை நிரூபித்து உள்ளே வரட்டும் என்றுதான் 2019-ல் மனித இன்சுலினுக்கும் தர முன்தகுதித் திட்டத்தை, அதாவது மருந்தின் தரத்தைச் சோதித்து ஒப்புதல் தரும் திட்டத்தை, உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது.

சரி, கிடைத்துவிட்டது. அப்புறம்தான் கவனம் தேவை. குப்பியில் யூ-40 அல்லது யூ-100 என்று இருக்கும். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதே அந்த எண். யூ-40 சிரிஞ்சில் யூ-100 மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். மயங்கி விழ அது போதும். சிரிஞ்சிலும் குப்பியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். என்பிஎச் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, எந்த மருந்தும் உறைந்து போயிருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வழக்கமான வகை இருப்பில் இல்லை என்று வேறு ஒன்றைக் கொடுத்தால், பழைய அளவையே அப்படியே போடக் கூடாது. புதிய அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள், மருந்து வரும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள்கூட நிறுத்திவிடக் கூடாது, அன்றே டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.