வெள்ளம்னா எந்த வெள்ளம்?

ஐப்பசி பிறந்தால் எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. "சார், வெள்ளம் வந்துடுச்சு!" என்று போன் வரும். ஏரி, கால்வாய் வேலை பார்க்கும் பொறியாளன் நான், இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளை எங்கே அனுப்புவது, என்னத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்வது?

பழைய ஊர்க்காரர்களிடம் இந்தக் குழப்பம் கிடையாது. வட மாவட்டங்களில் "ஏரி கோடி போகுது" என்பார்கள், நெல்லைப் பக்கம் "குளம் மறுகால் பாயுது", இலங்கையில் "குளம் வான் பாயுது". மூன்றும் ஒரே சேதிதான்: ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் அதற்கென்று கரையில் தாழ்வாகக் கட்டிய கலங்கல் என்ற வழியாகப் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை, வாய்க்காலை மறித்து வீடு கட்டாதவரை. ஆனால் "உடைப்பு" என்ற சொல் காதில் விழுந்தால் பாத்திரம் பண்டம் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டியதுதான், ஏனென்றால் அங்கே போனது கரை.

எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு, "உபரிநீர்". அறிவிப்பில் இதைப் படிப்பவருக்கு ஏதோ மிச்சம் மீதி வருகிறது என்றுதான் தோன்றும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னைக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி வரை விட்டார்களே, அதற்கும் பெயர் உபரிநீர்தான். ஒரு கனஅடி 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தெருவில் பார்த்திருப்பீர்கள், அதில் 68 லாரியை ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. அதனால் அறிவிப்பில் பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள், போன தடவை எத்தனை கனஅடிக்கு உங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நகரத்தில் பெரும்பாலும் நடப்பது தேக்கம். கடல் தண்ணீரை வாங்கவில்லை என்று சென்னையில் சொல்வார்களே, ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு தயங்கி நிற்கும், பின்னால் கால்வாயும் நிற்கும். தேங்கிய தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது, ஆனால் மின்சாரமும் சாக்கடையும் அதற்குள் இருக்கும். மெயினை அணைத்துவிடுங்கள்.

காட்டாறு வேறு சாதி. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலையில் பெய்தது கீழே இறங்கிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது இந்த மாதிரி வெள்ளம்தான். தண்ணீர் நிறம் மாறி, சருகும் சுள்ளியும் வந்தால் துண்டை எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

நிறம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு முறை, ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்க்கட்டி ஒருவர் விடியற்காலை கூப்பிட்டார்: "சார், கரைக்கு வெளிப்பக்கம் ஊத்து வருது."

"தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

"நேத்து தெளிவா இருந்துச்சு. இப்ப கலங்கிடுச்சு."

தெளிந்த கசிவு மண்கரைகளில் சகஜம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள், அதுதான் உடைப்பின் முதல் நாள். அந்த ஓட்டையை அடைக்கவும் கூடாது, அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றின் வாயில் மணலும் ஜல்லியும் போட்டு, சுற்றி மூட்டை அடுக்கி, தண்ணீர் தெளிந்து வரும்வரை உட்கார்ந்திருந்தோம். தெளிய மதியம் ஆனது.