காலையில் சிரிப்பு, ராத்திரி அழுகை: இது பைபோலாரா?

மன்னார்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "காலேஜ் போகும் என் மகள் காலையில் சிரிக்கிறாள், மத்தியானம் போனைத் தூக்கி எறிகிறாள், ராத்திரி மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். பைபோலார் என்கிறார்கள். அதுதானா?"

நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் மூன்று மனநிலை என்றால் எனக்கு முதலில் பைபோலார் தோன்றாது. பைபோலார் என்பது மேனியா (அளவுக்கு மீறிய உற்சாகம்), மனச்சோர்வு என்று மாறி மாறி வரும் நோய். அது மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி. வந்தால் நாள்கணக்கில் ஓடும். மேனியாவுக்குப் பொதுவாக 7 நாள், மனச்சோர்வுக்கு 2 வாரம் என்பது மருத்துவர்களின் குறைந்தபட்சக் கணக்கு. நடுவில் மாதக்கணக்கில் ஆள் பழையபடி இருப்பார்.

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறில் மனம் மணிக்கணக்கில் மாறும். பெரும்பாலும் யாரோ காரணமாக இருப்பார்கள்: தோழி பதில் போடவில்லை, 'என்னை விட்டுப் போய்விடுவாளோ' என்ற பயம் வரப்பை உடைத்துவிடும். உள்ளே வெறுமை, சிலர் கையைக் கீறிக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்த துப்பு தூக்கம். மேனியாக்காரர் 3 மணி நேரம் தூங்கி எழுந்து, விடியுமுன் கொல்லையைப் பெருக்கி, புதுக்கடைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். களைப்பே இருக்காது. சண்டைபோட்டு விடிய விடிய விழித்தவளோ மறுநாள் துவண்டு கிடப்பாள். தூக்கம் வராதது வேறு, தேவைப்படாதது வேறு. இன்னொரு வேடிக்கை: தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பவும் செய்யும். மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நேரம் குறிக்கும் அரிசிமணி அளவு கடிகாரம் ஒன்று உண்டு. பைபோலார் உள்ளவர்களுக்கு அதன் தாளம் எளிதில் தப்புகிறது. சிவராத்திரிக்குக் கண்விழித்தால் நமக்குத் தலைவலி. அவருக்கு மதகே திறந்துகொள்ளலாம்.

குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினால் சரியாகும் என்பார்கள். நம்பிக்கையைக் கிண்டல் செய்யவில்லை. ஆனால் மேனியா சில மாதங்களில் தானாகவே தணிவதுண்டு. தணியும்போது கோயிலில் இருந்தால் பெயர் சாமிக்கு. அடுத்த சுற்றைத் தடுக்க லித்தியம் மாதிரி மருந்து வேண்டும். மேனியாவைத் தணிக்கும் என்று 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் கண்டுசொன்ன எளிய தாது உப்பு லித்தியம். காப்புரிமை இல்லாததால் கம்பெனிகளுக்கு அதில் அக்கறை இல்லை என்பது என் ஆதங்கம். பார்டர்லைனுக்கு மாத்திரை துணைதான். பேச்சு சிகிச்சையே பிரதானம். பைபோலார், பார்டர்லைன் இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

அம்மா, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது தூங்கினாள், எப்போது மாறினாள், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. நோட்டோடு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் நோட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள்.