சொல் விளக்கம்: ஸ்விங் – வாக்குப் பெயர்வு

‘தொழிற்கட்சி வெல்ல 12.7% ஸ்விங் வேண்டும்.’ 2024 பிரிட்டன் தேர்தலுக்கு முன் அடிக்கடி வந்த செய்தி இது. அக்கட்சி 12.7% வாக்கு கூடுதலாக வாங்க வேண்டும் என்று இதைப் படித்தால் தவறு. ஒரு கட்சி ஏறிய சதவீதப் புள்ளிகளையும் எதிராளி இறங்கிய புள்ளிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதே ஸ்விங். ஒரு தொகுதியில் ஆளுங்கட்சி 50%, எதிர்க்கட்சி 40% வாங்கியிருந்தால் இடைவெளி 10. ஆனால் 5ஐத் தாண்டிய ஸ்விங்கே தொகுதியைக் கைமாற்றிவிடும். இரண்டால் வகுக்க மறப்பதுதான் வழக்கமான பிழை.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு அடித்தல், வீசுதல் என்று பொருள்; இப்படியும் அப்படியும் ஆடுதல் பிற்பாடு வந்தது. தேர்தல் கணக்கில் இதை நிலைநிறுத்தியவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் டேவிட் பட்லர். 1955இல் பிபிசி திரையில் ஸ்விங்கைக் காட்டும் ‘ஸ்விங்கோமீட்டர்’ கருவியின் முள் ஆடியது. அன்று வாக்குகள் பெரும்பாலும் இரண்டே கட்சிகளுக்குப் போனதால் கணக்கும் பொருந்தியது.

இன்று பொருந்துவதில்லை. 2019இல் 202 இடங்களுக்குச் சுருங்கிய தொழிற்கட்சிக்குப் பெரும்பான்மை பெற 326 இடங்கள் வேண்டும்; அதற்கான கணக்கே அந்த 12.7%. 1997இல் அக்கட்சியின் டோனி பிளேர் பெற்ற ஸ்விங்கே 10.2% தான், அதையும் மிஞ்ச வேண்டியிருந்தது. 2024இல் கிடைத்ததோ 10.8%. ஆனாலும் 411 இடங்கள்! தொழிற்கட்சி 32.1%இலிருந்து 33.7%க்குத்தான் ஏறியது, அன்றைய ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் 43.6%இலிருந்து 23.7%க்கு விழுந்தது. 1.6, 19.9 இரண்டையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய முழுதும் எதிராளியின் சரிவு. அதில் பெரும்பங்கு 14.3% வாங்கிய வலதுசாரி ரிஃபார்ம் கட்சிப் பக்கம் போனது. அந்தச் சரிவும் எங்கும் ஒரே அளவில் இல்லை. கன்சர்வேட்டிவ் வலுவாக இருந்த தொகுதிகளில்தான் கூடுதலாக விழுந்தது. நாடு முழுக்க ஒரே ஸ்விங் என்று வைத்துப் போட்ட 12.7 அங்கேயே அடிபட்டது.

தமிழில் ‘ஊசல்’ ஒத்துவராது. ஊசலாடுவது முடிவெடுக்காத மனம், இதுவோ பதிவாகிவிட்ட வாக்கு. ‘அலை’க்கு அளவில்லை. ‘வாக்கு மாற்றம்’ என்றால் கூட்டணிக் கட்சிக்கு வாக்கு போய்ச் சேருவது நினைவுக்கு வரும். குருப்பெயர்ச்சி அறிந்த நமக்கு ‘வாக்குப் பெயர்வு’ இயல்பாக வரும். பெயர்வது இரு கட்சிகளின் ஒப்புநிலை. ஆட்கள் அப்படியே தாவினார்கள் என்று பொருளல்ல. ஆகவே ‘கன்சர்வேட்டிவிடமிருந்து தொழிற்கட்சிக்கு 10.8% பெயர்வு’ என்று இரு பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ஸ்காட்லாந்தைத் தனியே கணக்கிடுவது நல்லது: அங்கே எதிராளி ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்.என்.பி. அது 48இலிருந்து 9 இடங்களுக்கு இறங்க, தொழிற்கட்சி 1இலிருந்து 37க்கு ஏறியது.